ஹயாத் பாஷாவின் இரண்டு பேண்ட் கால்கள்

திருத்தணியை வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களுக்காக அறிவார்கள். ஒன்று, மலைமேல் இருக்கிற முருகன். இன்னொன்று, கோடையில் டிவிச் செய்தி முடிகிற நேரத்தில் வாசிக்கப்படும் வெயில் பட்டியல். அதில் முன்வரிசையில் ஊர்ப்பெயர் வராத நாளில் உள்ளூர்க்காரர்களுக்கே ஏதோ குறைந்த மாதிரி இருக்கும். முதல் காரணத்துக்காக வருகிறவர்கள், படி ஏறி முடிப்பதற்குள் இரண்டாவதையும் தெரிந்துகொண்டு விடுகிறார்கள்.

இந்த ஊர்க் கடைத்தெருவில் மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்று. அதன் தரைத்தளத்தில், வாசலுக்கு வலப்பக்கம், லுங்கி வேட்டிப் பிரிவில் பத்தொன்பது வருடமாக நிற்பவர் ஹயாத் பாஷா. வயது ஐம்பத்தொன்று. நிற்பவர் என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. காலை ஒன்பதரை மணிக்கு நிற்க ஆரம்பித்தால் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் உட்காருவார், பிறகு கடை சாத்தும்வரை நிற்பார். பள்ளிப்பட்டுப் பக்கத்து விசைத்தறியில் ஓடியது எது, ஈரோட்டிலிருந்து வந்தது எது என்று லுங்கியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். வருகிறவரின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தால் போதும், எத்தனை முழம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் தொழில்.

அவருடைய தொழிலில் முக்கியமான பகுதி, கட்டிக் காட்டுவது. அட்டையில் மடித்து உறைக்குள் வைத்த லுங்கியை இந்தப் பக்கத்து விவசாயி நம்புவதில்லை. பிரித்துக் காட்ட வேண்டும். பிரித்தாலும் போதாது, யாராவது இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்க வேண்டும். ஹயாத் பாஷா தன் பேண்ட்டுக்கு மேலேயே சுற்றிக்கொண்டு, ஒரு முறை வலது பக்கம், ஒரு முறை இடது பக்கம் திரும்பிக் காட்டுவார். பிடித்துவிட்டால் அடுத்த சிக்கல் ஆரம்பிக்கும். அதே டிசைன், அதே கட்டிலிருந்து புதிது எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்பார்கள். அவர் இடுப்பில் இருக்கிற அந்தப் பீஸேதான் வேண்டும். "காட்டுன பீஸ் விக்காம நின்னதே கிடையாது" என்று ஹயாத் பாஷா அடிக்கடி சொல்வார். சொன்ன மனிதர் அதை ஒரே ஒருமுறை மறந்தார். அதுதான் இந்தக் கதை.

கடைக்கு உடை விதி வந்து மூன்று வருடம் ஆகிறது. கொண்டுவந்தவர் ஹரிஹரன். மூன்று மாடிக்கும் மேனேஜர், வயது முப்பத்தாறு. சென்னையில் ஏதோ ஒரு ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி என்று முதலாளி அனுப்பிவைத்தார். போகும்போது செருப்புப் போட்டுக்கொண்டு போனவர், வரும்போது டை கட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் பில் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஆண் ஊழியர்களுக்குப் பதினோரு விதிகள். வெளிர்நீல முழுக்கைச் சட்டை, கறுப்பு பேண்ட், சட்டையை உள்ளே விட வேண்டும், பெல்ட், டை, சாக்ஸ், கறுப்பு ஷூ, கையை மடித்துவிடக் கூடாது, கழுத்துப் பட்டனைக் கழற்றக் கூடாது, இப்படியே போகும். பெண் ஊழியர்களுக்கு ஒரே வரி: கடை கொடுக்கும் சேலை, அடக்கமாக.

"உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்குப் பதினொண்ணு. இது இன்னா நியாயம்?" என்று ஹயாத் பாஷா அன்றைக்கே பில் கவுண்டரில் கேட்டார். அங்கே உட்காருகிற வசந்தி, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"பாய், உங்களுக்குப் பதினொண்ணுன்னா பதினொண்ணோட முடிஞ்சுது. எங்களுக்கு அடக்கம்னு ஒண்ணே ஒண்ணு எழுதிட்டாங்க. அதுக்குள்ள எத்தினி இருக்குதுன்னு வர்ற கஸ்டமர் ஒவ்வொருத்தனும் சொல்லிட்டுப் போறான்."

அதற்குமேல் அந்த விவாதம் வளரவில்லை. ஆனால் வசந்தி சொல்லாமல் விட்டவையும் உண்டு. அவளைத் தவிர மற்றப் பெண்கள் வேலை செய்கிற பட்டுச்சேலைப் பிரிவு முதல் மாடியில் ஏசியில் இருந்தது. ஆண்கள் நிற்கிற தரைத்தளத்துக்கு நாலு மின்விசிறி. ஆம்பிளைத் துணி வாங்க வருகிறவன் பத்து நிமிடத்தில் போய்விடுவான், அவனுக்கு எதற்கு ஏசி என்பது கணக்கு. அவனுக்கு விற்கிறவன் பத்து மணி நேரம் நிற்கிறான் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. இத்தனைக்கும் முதலாளி ராஜகோபால், எழுபது வயது, கல்லாவில் நாலு முழ வேட்டியில், கைவைத்த பனியனில், வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பார். தாளில் ஊழியர்களுக்கு என்றுதான் போட்டிருந்தது.

இந்த வருடம் மே மாதம், முகூர்த்தம் நெருக்கமாக இருந்த வாரத்தில், ஹயாத் பாஷாவுக்குத் தொடையின் உள்பக்கம் ஒரு கட்டி வந்தது. எவ்வளவு மேலே என்று கேட்டவர்களிடம் அவர் கையை மட்டும் அசைத்தார். பேண்ட்டும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு இந்த வெக்கையில் நின்றால் வராமல் என்ன செய்யும் என்றார் டாக்டர். கீறிவிட்டு, மருந்து வைத்துக் கட்டி, பதினைந்து நாளைக்குப் பேண்ட்டைத் தொடக் கூடாது, லுங்கிதான் என்று வாயால் சொன்னார். கையால் எழுதியபோது மட்டும், தளர்வான பருத்தி ஆடை என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்.

ஹரிஹரன் அதை இரண்டு முறை படித்தார்.

"தளர்வான காட்டன்னுதானே போட்டிருக்காரு. லூஸா ஒரு காட்டன் பேண்ட் போட்டுக்குங்க பாய். கறுப்புல."

"லுங்கி கட்டச் சொன்னாரு சார்."

"அப்ப ஏன் அதை எழுதல?"

"லுங்கிக்கு இங்கிலீஷ்ல இன்னான்னு அவருக்குத் தெரியலையோ இன்னாவோ."

"நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. பதினைஞ்சு நாள் லீவு போடுங்க. சம்பளம் மட்டும் வராது."

இதைச் சொல்லும்போது ஹரிஹரன் டையைக் கொஞ்சம் தளர்த்திக் கழுத்தைச் சொறிந்துகொண்டார். காலருக்குக் கீழே வேர்க்குரு சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தது. உடனே மறுபடி இறுக்கிக்கொண்டார்.

லீவு போட்டால் என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சட்டைப் பிரிவில் இருந்த தப்ரேஸ் மஞ்சள் காமாலைக்கு இருபது நாள் போய்விட்டு வந்தான். அவன் இடத்தில் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தான். தப்ரேஸை மூன்றாவது மாடி கிடங்குக்கு அனுப்பினார்கள். இன்னும் அங்கேதான் அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருக்கிறான். தகரக்கூரை. மனிதர் யாரும் வரமாட்டார்கள். ஹயாத் பாஷாவுக்குக் கடையில் இருக்கிற ஒரே சொத்து அந்தக் கவுண்டரும், "பாய் இருக்காரா" என்று கேட்டுக்கொண்டு வருகிற நாற்பது ஐம்பது கிராமங்களும்தான். அதை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

கடைசி முயற்சியாக ஒரு முன்னுதாரணத்தைக் காட்டினார். போன வருடம் வசந்திக்குச் சேலைக்குப் பதில் சுடிதார் போட அனுமதி கொடுத்தார்களே?

"அது லேடீஸ் விஷயம்" என்றார் ஹரிஹரன்.

வசந்தியிடம் வந்து சொன்னபோது அவள் மேலுதட்டைத் தூக்கி, முன்பல்லில் ஒரு பாதி இல்லாததைக் காட்டினாள். "சேலை தடுக்கி மாடிப்படியில உருண்டேன். பல்லு போச்சு. அப்புறம்தான் சுடிதார் வந்துது. நீங்களும் எதையாவது ஒடைச்சுகினு வாங்க, கேட்டுப் பார்க்கலாம்."

வீடு ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம். மனைவி ரம்ஜான் பீ வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். வீட்டில் பேச்சு உருது. கோபம் வந்தால் மட்டும் ரம்ஜான் பீ தமிழுக்கு மாறிவிடுவாள், பக்கத்து வீட்டுக்கும் விஷயம் புரிய வேண்டும் என்பதற்காக. அன்றைக்குத் தமிழில்தான் பேசினாள்.

"சுபியா அப்பா, பதினைஞ்சு நாள் பேண்ட் போட முடியலன்னு மூஞ்சிய இப்டித் தொங்கப் போட்டுகினு இருக்கீங்க. நான் மார்க்கெட்டுக்குப் போறப்ப மேல புர்கா, உள்ள நைட்டி, அதுக்குள்ள பாவாடை. மூணு மாடி. உங்க கடை மாதிரியே. ஏசி எந்த மாடியிலயும் கிடையாது."

"அது நீ இஷ்டப்பட்டுப் போட்டுக்கிறது."

"ஆங், இஷ்டப்பட்டுத்தான் போடறேன். இஷ்டப்பட்டுப் போட்டா வேர்க்காதுன்னு யாரு சொன்னது?"

மகள் சுபியா மூலையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டே சிரித்தாள். கல்லூரியில் இரண்டாவது வருடம். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகட்டுமா என்று பெருநாளுக்கு முன்னால் அப்பாவைக் கேட்டிருந்தாள். "கடைக்கு வர்ற கஸ்டமர்லாம் இன்னா சொல்வாங்க" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லியிருந்தார் ஹயாத் பாஷா. விதி எழுதுகிறவர்களுக்குத் தாளும் பேனாவும் கட்டாயம் இல்லை.

ரம்ஜான் பீ திட்டி முடித்தபிறகு தொழில்காரியானாள்.

"கட்டிக் காட்டறப்ப லுங்கியைப் பேண்ட் மேலதானே சுத்தறீங்க?"

"ஆங்."

"அப்ப பேண்ட் எவ்ளோ வெளிய தெரியும்?"

ஹயாத் பாஷா யோசித்தார். "கணுக்கால் கிட்ட. நாலு விரக்கடை."

"அப்ப உங்க மேனேஜருக்கு வேண்டியது நாலு விரக்கடை பேண்ட்டுதான். மீதி எதுக்கு?"

பழைய கறுப்பு பேண்ட் ஒன்றை எடுத்து இரண்டு காலையும் முழங்காலோடு வெட்டினாள். மேல்விளிம்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தாள். சாக்ஸ் மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மேலே லுங்கி, கீழே பேண்ட் கால், சாக்ஸ், ஷூ. எதிரில் நின்று பார்த்தால் பேண்ட் மேல் லுங்கி சுற்றிக் காட்டுகிற விற்பனையாளர். டாக்டர் சொன்னதும் நடந்தது, ஹரிஹரன் சொன்னதும் நடந்தது. கைக்குக் கொடுப்பதற்கு முன்னால் ரம்ஜான் பீ கூலி சொன்னாள்.

"சுபியா ஜீன்ஸ் போட்டா நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"கட்டி ஆறற வரைக்கும்."

"கட்டி ஆறினாலும்."

அவர் சுபியாவைப் பார்த்தார். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு மிகவும் மரியாதையாக உட்கார்ந்திருந்தாள். ஹயாத் பாஷா பேண்ட் கால்களை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக ஒரு நீலக் கட்டம் போட்ட லுங்கியைத் தன் சொந்தக் காசில் வாங்கினார். புண் மேல் படுகிற துணியை இன்னொருவருக்கு விற்க அவருக்கு மனம் வராது. வசந்தி பில் போட்டுக் கொடுத்தாள். பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சட்டையை லுங்கிக்குள் விட்டு, மேலே பெல்ட் போட்டு, டையை நேராக்கிக்கொண்டு நின்றார்.

ஹரிஹரன் பத்து மணிக்கு முதல் சுற்று வந்தபோது ஹயாத் பாஷா ஒரு வாடிக்கையாளருக்குக் கட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு வந்தபோது இன்னொருவருக்கு. நாலு மணிக்கு யாரும் இல்லை. இப்போதுதான் ஒருவர் பார்த்துவிட்டுப் போனார் என்றார் ஹயாத் பாஷா. ஹரிஹரன் பார்வை கீழே போனது. நாலு விரக்கடை கறுப்பு பேண்ட், பளபளக்கிற ஷூ. தலையசைத்துவிட்டு மாடி ஏறினார்.

பத்து நாள் இப்படிப் போனது. புண் ஆறிக்கொண்டு வந்தது. ஒருவரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது: லுங்கி விற்பனை கூடியது. நீலக் கட்டம் இரண்டு கட்டு தீர்ந்து மூன்றாவது வந்தது. கல்லாவில் முதலாளிக்குக் காரணம் புரியவில்லை. ஹயாத் பாஷாவுக்கும் புரியவில்லை. அவர் காற்றோட்டமாக நின்றதில் முகம் தெளிந்து, நாலு வார்த்தை கூடுதலாகப் பேசியது மட்டும்தான் வித்தியாசம்.

பதினோராவது நாள் ஆறுமுகம் வந்தார். ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், வேர்க்கடலையும் கொஞ்சம் மாந்தோப்பும். பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீசுக்கு வந்தவர், நாளைக்கு வரச் சொல்லிவிட்டதால் கையில் நேரமும் மனதில் எரிச்சலுமாகக் கடைக்குள் நுழைந்தார். மூன்று லுங்கியை மேஜை மேல் பிரிக்கச் சொல்லி மூன்றையும் வேண்டாம் என்றார். பிறகு ஹயாத் பாஷாவின் இடுப்பைக் காட்டினார்.

"பாய், அது எவ்ளோ?"

"இதே டிசைன் உள்ள இருக்குது நைனா. புதுசு பிரிக்கிறேன்."

"புதுசு வேணாம். நீ கட்டினுகிறதக் குடு."

பத்தொன்பது வருடமாகச் சொல்லிவந்த வாசகம் ஹயாத் பாஷாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ரெண்டும் ஒரே தறி நைனா. ஒரே சாயம்."

"ஒரே தறின்னா உனுக்கு இன்னா கஷ்டம்? அதைக் கழட்டு, புதுச நீ சுத்திக்க."

"இது விக்கிறதுக்கு இல்ல."

"விக்கிறதுக்கு இல்லாத லுங்கிய எதுக்குக் கடையில காட்டினுகீற?"

ஆறுமுகத்தின் குரல், காலையில் தாலுகா ஆபீசில் எழுப்ப முடியாமல் போன குரல், இப்போது முழுதாக எழும்பியது. ஹரிஹரன் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன பாய், கஸ்டமர் கேட்கிறாரு. கழட்டிக் குடுங்க."

"வேற எடுத்துத் தரேன் சார்."

"அவரு அதைத்தானே கேட்கிறாரு? அது கடைச் சரக்குதானே?"

ஹயாத் பாஷா கணக்குப் போட்டார். கடைச் சரக்கு என்றால் இப்போதே கழற்றிக் கொடுக்க வேண்டும். சொந்த லுங்கி என்றால், பில் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் சொந்த லுங்கி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்த மனிதனுக்கு மூன்றாவது மாடியில் தப்ரேஸுக்குப் பக்கத்தில் இடம் தயாராக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதிலைத் தேடிக்கொண்டு அவர் நின்றார். பில் கவுண்டரில் வசந்தி பில் போடுவதை நிறுத்திவிட்டாள்.

ஆறுமுகம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துணி வாங்குகிறவர்கள் செய்கிற மாதிரி, குனிந்து, ஹயாத் பாஷாவின் லுங்கியின் கீழ் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து நசுக்கிப் பார்த்தார். பிறகு நூல் நெருக்கம் பார்க்க வெளிச்சத்துக்குக் கொஞ்சம் தூக்கினார். அப்படியே நின்றார்.

"பாய்" என்றார் ஆறுமுகம் மெதுவாக. "உன் பேண்ட்டு முட்டியோட நின்னு போச்சே."

ஹயாத் பாஷா ஓரத்தைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். பத்து நாள் வியர்வையில் ஊறித் தளர்ந்திருந்த எலாஸ்டிக்குக்கு அதுவே போதுமாக இருந்தது. இடது பேண்ட் கால் வழுக்கிக்கொண்டு இறங்கி, அவர் பின்னால் எடுத்துவைத்த ஷூவிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. காலோ ஆளோ இல்லாத பேண்ட் கால்.

ஹரிஹரன் குனிந்து அதை எடுத்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். மறுமுனையில் அவர் விரல்கள் வெளியே வந்தன.

"இது என்ன பாய்?"

"பேண்ட்டு சார்."

"மீதி எங்க?"

"வீட்ல."

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தைப் பார்த்து ராஜகோபால் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். ஹரிஹரன் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது பேண்ட் காலை ஆதாரமாக உயர்த்திப் பிடித்திருந்தார். ஹயாத் பாஷா எதையும் மறுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து லுங்கியின் பில்லையும், அதற்கடியில் மடித்து வைத்திருந்த டாக்டர் சீட்டையும் எடுத்து முதலாளி கையில் கொடுத்தார்.

"திருடல சார். ஒரே ஒரு நாளும் லீவு போடல. கட்டியோட பத்து நாள் நின்னேன். மேல மாடிக்கு அனுப்பறதா இருந்தா சொல்லிடுங்க, நான் போயிடறேன்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

ராஜகோபால் சீட்டைப் படிக்கவில்லை. கண்ணாடி கல்லாவில் இருந்தது. ஆறுமுகத்திடம் திரும்பினார்.

"நீங்க எதுக்கு அதையே கேக்கறீங்க? புதுசு தரேங்கிறாரே?"

"இன்னா சொல்றது" என்றார் ஆறுமுகம். "உன் கடைக்குள்ள வந்தேன். நிக்கிறவன்லாம் கழுத்துல கயிறு மாட்டினு, வேர்த்து ஊத்தினு, எப்ப விடுவாங்கன்னு நிக்கிறான். இவரு ஒருத்தர்தான் சொகமா நின்னுகினு இருந்தாரு. அந்த சொகம் எங்கேர்ந்து வருதுன்னு பார்த்தேன். அந்த லுங்கிதான். அதான் கேட்டேன்."

வியாபாரத்தில் ஐம்பது வருடம் இருந்தவர் ராஜகோபால். ஒரு வாக்கியத்தில் எத்தனை கட்டு லுங்கி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பத்து நாளாகப் புரியாதது புரிந்துவிட்டது.

"ஹரி, ரூல் எத்தினி இருக்குது?"

"பதினொண்ணு சார்."

"பன்னெண்டாவது ஒண்ணு எழுது."

ஆறுமுகம் கடைசியில் புதுப் பீஸ்தான் வாங்கினார். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஹயாத் பாஷா அதை மேலே சுற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். ஐந்து நிமிடமும் எதிரில் நின்று பார்த்துவிட்டு, "ஆங், சொகம் ஏறிச்சு" என்று சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார்.

அன்றைக்கு ஹயாத் பாஷா வீட்டுக்குப் போனபோது பிரியாணி வாங்கிக்கொண்டு போனார். கவுண்டரும் பிழைத்தது, லுங்கியும் கிடைத்தது. மறுநாள் காலை புதுத் தாளின் முன்னால் நின்று படித்தபோதுதான், அனுமதிக்கும் விதிக்கும் இருக்கிற வித்தியாசம் தெரிந்தது. பன்னிரண்டாவது விதி: லுங்கி வேட்டிப் பிரிவின் ஆண் ஊழியர்கள் எல்லா நாட்களிலும் கட்டாயமாகக் கடை லுங்கி அணிய வேண்டும். சட்டையை உள்ளே விடுதல், பெல்ட், டை, சாக்ஸ், ஷூ ஆகியவற்றில் மாற்றம் இல்லை.

பிறந்ததிலிருந்து லுங்கியே கட்டாத ஒருவன் அந்தப் பிரிவில் இருந்தான். அவன் ஒரு வாரம் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டே வியாபாரம் செய்தான். ஹயாத் பாஷாவை டையும் லுங்கியுமாகப் போட்டோ எடுத்து, பஸ் நிலையம் எதிரில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். விதி எழுதுகிற கை சூடாக இருந்தபோதே ஹரிஹரன் பெண்களையும் கவனித்தார். வசந்திக்குப் பிடித்தது எல்லோருக்கும் பிடிக்கும் என்று, எல்லாப் பெண்களுக்கும் சுடிதார் கட்டாயம் ஆயிற்று. பட்டுப் பிரிவில் சேலை மட்டுமே கட்டிப் பழகிய தாயாரம்மாள், வசந்தியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கடையில் ஒருவழியாகச் சமத்துவம் வந்துவிட்டது: யாருமே தனக்கு வேண்டியதை உடுத்தவில்லை.

ஹரிஹரன் மட்டும் பேண்ட்டிலேயே இருந்தார். மேனேஜருக்கு எந்தப் பிரிவும் இல்லை. ஜூன் முழுவதும், லுங்கிப் பிரிவைத் தாண்டும்போது, அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவதை வசந்தி கவனித்திருக்கிறாள்.

லுங்கி வியாபாரம் செழித்ததால், தீபாவளிக்குத் தரைத்தளத்துக்கும் ஏசி வந்தது. அதன் வாய் சரியாக ஹயாத் பாஷாவின் கவுண்டருக்கு மேலே. தீபாவளிக் கூட்டத்தில் நன்றாகத்தான் இருந்தது. மார்கழி வந்தது. மலையிலிருந்து காலையில் பனி இறங்குகிற மாதம். வாசலில் பனி, தலைக்கு மேல் ஏசி, நடுவில் ஒற்றை மெல்லிய லுங்கி. புண் இருந்த இடம் குளிரில் விண்விண் என்றது. ஏசியை நிறுத்தக் கேட்டபோது, வாங்கியது ஓடுவதற்குத்தான் என்று கல்லாவிலிருந்து பதில் வந்தது. ஹயாத் பாஷா ஒரு மனு எழுதிக்கொண்டு போனார். பேண்ட் அணிய அனுமதி வேண்டும்.

ஹரிஹரன் ஒரு கோப்பைத் திறந்தார். "பாய், மே மாசம் பேண்ட் வேணாம்னு ஒரு சீட்டு. டிசம்பர்ல பேண்ட் வேணும்னு ஒரு மனு. ரெண்டும் ஒரே ஃபைல்ல இருக்குது. முதலாளி கேட்டா நான் எதைக் காட்டறது?"

"அப்ப அந்த பேண்ட் காலையாவது குடுங்க சார். உள்ள மாட்டிக்கிறேன்."

"அது ரெக்கார்டு" என்றார் ஹரிஹரன். மேஜை டிராயரைத் திறந்து காட்டினார். மடித்து, மேலே தேதி போட்ட சீட்டு ஒட்டி, பத்திரமாக இருந்தது.

ரம்ஜான் பீ இந்த முறை திட்டவில்லை. மிச்சம் இருந்த ஒற்றைக் காலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முழங்கால்வரை இருந்து பிரயோஜனம் இல்லை, தொடைவரை வேண்டும். கனமான துணியாக இருக்க வேண்டும். லுங்கிக்குக் கீழே தெரியக் கூடாது, அதனால் கணுக்காலுக்கு மேலேயே நிற்க வேண்டும். பேசிக்கொண்டே அலமாரியைத் துழாவி, கறுத்த நீலத்தில் ஒன்றை இழுத்தாள். ஆறு மாதத்தில் நைந்துபோய், சுபியா ஒதுக்கிவைத்திருந்த ஜீன்ஸ். அவர் இடுப்புக்கு அது ஏறாது என்று, கால்களை மட்டும் வெட்டினாள்.

ஹயாத் பாஷா எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

மறுநாள் காலை அவர் ஜீன்ஸ் கால் இரண்டையும் தொடைவரை ஏற்றி, எலாஸ்டிக்கைச் சரிபார்த்து, மேலே கடை லுங்கியை இறக்கி, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, டை கட்டினார். கண்ணாடி முன்னால் ஒருமுறை வலது பக்கம், ஒருமுறை இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. நடந்து பார்த்தார். கதகதப்பாகத்தான் இருந்தது.

சுபியா கல்லூரிப் பையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா" என்றாள். "என் ஜீன்ஸைப் போட்டுகினு கடைக்குப் போறீங்களே. கஸ்டமர்லாம் இன்னா சொல்வாங்க?"

ஹயாத் பாஷா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார்.

"இந்தப் பீஸேதான் வேணும்னு கேப்பாங்க" என்றார். "காட்டாம இருந்தா சரி."